கறுப்புக் கல்லில் ஒரு பெயர்

பெரியவர் தாளைக் கல்லின் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்த்தார். எழுத்து எழுத்தாக ஒரு பெயர் தாளில் ஏறி வந்தது.

வாஷிங்டன். வியட்நாம் போர் நினைவுச் சுவர்.

காலையிலிருந்து தனியாகத்தான் சுற்றுகிறேன். 1963இல் மார்ட்டின் லூதர் கிங் நின்று பேசிய லிங்கன் நினைவகப் படியில் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கிருந்து இங்கே சில நிமிட நடைதான். வந்து ஒரு மணி நேரமாயிற்று, நகர மனசில்லை.

58,000க்கும் மேற்பட்ட பெயர்கள். பெயருக்கு முன்னால் பதவி கிடையாது. போரில் அடிபட்டு விழுந்த நாள், காணாமல் போன நாள், அதுதான் வரிசை. அதனால் ஒரே நாளில் விழுந்தவர்கள் இங்கேயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.

காணாமல் போனவர்களின் பெயர் அருகே ஒரு சிறு சிலுவைக் குறி. இறந்தது உறுதியானால் அதை வைர வடிவமாக மாற்றிச் செதுக்குகிறார்கள். உயிரோடு திரும்பினால் சுற்றி ஒரு வட்டம் போடுவதாக ஏற்பாடு.

வட்டத்தைத்தான் தேடிக்கொண்டே நடந்தேன். ஒன்றும் கண்ணில் படவில்லை.

இதை வடிவமைத்தபோது மாயா லின்னுக்கு வயது 21, யேல் பல்கலைக்கழக மாணவி. அந்த வயதில் இப்படி ஒரு மௌனத்தை யோசிக்க முடிந்திருக்கிறதே!

கல் நம் பெங்களூரிலிருந்து போனது. கண்ணாடி போல மெருகேற்றியிருக்கிறார்கள். பெயர்களுக்கு நடுவே என் முகம் தெரிந்தது.

பெரியவர் தாளை மடிக்காமல் சுருட்டினார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்:

“பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து இருக்கை.”