ஒரே வயிற்றில் பிறந்த இரண்டும் ஒரே மாதிரியா படிக்கும்?

போன வாரம் சேலத்திலிருந்து ஏற்காடு வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "உங்க பசங்க படிக்கிற ஸ்கூல்ல பத்தாவது ரிசல்ட் எத்தனை பர்சன்ட்?" என்று கேட்டார். அவர் பையனை ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டுமாம். அதைக் கேட்காதீங்க, வாசிக்கத் திணறுகிற பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்க இருபது கொண்டை ஊசி வளைவும் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் மகளும் மகனும் ஒரே பள்ளி. மலையில் கன்னியர்கள் நடத்தும், அரசு உதவி பெறும் கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளி. நாங்கள் இந்துக்கள், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் நேரத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

மகள் சொன்னதைப் பிடித்துக்கொள்ளும் ரகம். எட்டாம் வகுப்பில் அவளையும் இன்னும் சிலரையும் சனிக்கிழமைகளில் உட்கார வைத்து என்.எம்.எம்.எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்தார்கள். மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தேர்வாகிவிட்டால் ஒன்பதாவதிலிருந்து பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய் பிள்ளையின் பெயரிலேயே வங்கிக்கு வந்துவிடும். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கானது இது. அவள் வாங்கினாள். இப்போது சேலத்தில் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளைப் பற்றிக் கவலைப்பட எனக்கு ஒன்றும் இருந்ததில்லை.

மகன் விஷயம் வேறு. ஐந்தாவது வரை சேலத்தில் பாட்டி வீட்டிலிருந்து வேறொரு பள்ளிக்குப் போனான். டைரியில் வாரத்துக்கு ஒரு தடவையாவது சிவப்பு மையில் 'கவனமில்லை, சோம்பல்' என்று வரும். தப்பாய் எழுதிய வார்த்தையை ஐம்பது தடவை எழுதச் சொல்வார்கள். ஐம்பதையும் தப்பாகவே எழுதிக்கொண்டு போவான், அதற்கும் அடி விழும். நானும் அடித்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. காப்பிப் பழம் எடுக்கிற சீசனில் அப்பாவோடு எடை போடும் இடத்தில் நின்று, யாருக்கு எத்தனை கிலோ, எவ்வளவு கூலி என்று காகிதம் இல்லாமலே சொல்கிற பையன் எப்படிச் சோம்பேறி ஆவான் என்று எனக்கு அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

ஆறாவதில் இங்கே சேர்த்த இரண்டாவது வாரம் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். முன்னால் அவன் நோட்டு. "அம்மா, இவன் எங்கே தப்பு விடுறான்னு பாருங்க" என்று விரல் வைத்துக் காட்டினார். பாதிக்கு மேல் கொம்பில்தான் தப்பு. 'கே' என்று சொல்லும்போது ஒலியில் 'க்' முதலில் வருகிறது, எழுதும்போது கொம்பு முந்திக்கொள்கிறது. 'கொ' இன்னும் மோசம், முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் எழுத்து. நமக்குப் பழகிப்போனது. இவன் கண்ணுக்கு அந்த வரிசை நிற்கவே இல்லை. 'மேகம்' என்பதை 'மகேம்' என்று எழுதியிருந்தான். நாலு வருஷமாக அந்த நோட்டுகளைப் பார்த்தவள் நான், எனக்கு அது கண்ணில் படவில்லை.

நூலகத்துக்குப் பக்கத்து அறையில் தினமும் காலையில் நாற்பது நிமிஷம் அவனுக்கு வகுப்பு. பழைய அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு ஜன்னல் மாதிரி வெட்டி வைத்திருப்பார். அதை நகர்த்தி நகர்த்தி வாசிக்க வேண்டும். அதே அறைக்கு மலைக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளும் வருவார்கள். சிலருக்கு வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆளே அவர்கள்தான். அவர்களுக்கு வாசிக்கப் பழக்கமில்லை, புத்தகத் தமிழ் காதில் விழுந்ததில்லை, அவ்வளவே. கதைப் புத்தகமும் சத்தமாக வாசிக்க ஒரு துணையும் கொடுத்தால் சில மாதங்களில் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். என் பையனுக்கு அது போதாது. 'மெல்லக் கற்கும் மாணவர்கள்' என்று எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டும் பள்ளிகள்தான் அதிகம். இங்கே பிரித்துப் பார்த்தார்கள். அதுதான் பெரிய காரியம் என்பேன்.

அப்புறம் சான்றிதழ். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் வருஷத்துச் சட்டத்தில் சொல்லியிருக்கும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. என் மகனுக்கு இருக்கும் டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதிலும் பிழையில்லாமல் எழுதுவதிலும் வரும் திணறல், அதில் அடங்கும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாவது எழுதும் டிஸ்லெக்சியா பிள்ளைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், அவன் சொல்லச் சொல்ல எழுத ஒருவர் கிடைப்பார், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கும் கேட்கலாம். ஆனால் பரிசோதனை, மருத்துவச் சான்று, தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பம் என்று எல்லாம் நேரம் பிடிக்கிற வேலை. பொதுத்தேர்வு நெருங்கும்போது ஓடாதீர்கள், ஒன்பதாவதிலேயே ஆரம்பித்துவிடுங்கள். என் மாமியாருக்கு இதில் சம்மதமே இல்லை, பையனுக்கு முத்திரை குத்துகிறீர்கள் என்று ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. சோம்பேறி என்ற முத்திரை அவன் நெற்றியில் ஏற்கெனவே இருந்தது, அதை அழிக்கத்தான் இந்தக் காகிதம் என்று அவரிடம் சொன்னேன்.

மொழிப் பாட விலக்கு பற்றி மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் அவன் அப்பா. "தமிழை விட மாட்டேன்" என்கிறான் இவன்.

வருகிற ஜூனில் பத்தாவது. இப்போது சொல்லி எழுத வைப்பதில் பயிற்சி நடக்கிறது. அதுவும் பழக வேண்டிய வேலைதான். முதல் நாள் ஒளிச்சேர்க்கை பற்றிக் கேட்டதற்கு, "அது வந்து சிஸ்டர், இலை இருக்குல்ல" என்று கதை மாதிரி ஆரம்பித்திருக்கிறான், அவர் அதை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே எழுதி அவன் கையில் கொடுத்திருக்கிறார். அட்டை ஜன்னலை வைத்து அவனே வாசித்துப் பார்த்திருக்கிறான். நேற்று ஸ்வெட்டரைக் கழற்றும் முன்பே சமையலறைக்கு வந்து, "அம்மா, பேப்பர் பேனா எடு, நான் சொல்றேன், நீ எழுது" என்றான். முழு விடையையும் சொன்னான். எங்கே முற்றுப்புள்ளி, எங்கே புதுப் பத்தி என்பது வரைக்கும்.