புள்ளியும் சாய்கோடும்

நேற்று இரவு என் லினக்ஸ் கணினியில் ஒரு டெப் கோப்பை (டெபியன், உபுண்டு வகை லினக்ஸுக்கான மென்பொருள் பொதி) இறக்கி, டிபிகேஜி (dpkg) என்ற நிறுவும் கருவி கொண்டு நிறுவினேன். அது இயங்கத் தேவையான நான்கு சார்புப் பொதிகள் இல்லை என்று பாதியில் நின்றது. ஒன்றைத் தேடி இறக்கினால் அது இன்னொன்றைக் கேட்கிறது. அனுமார் வால்தான்!

தப்பு என்னுடையது. டிபிகேஜி கொடுத்த கோப்பை மட்டும் நிறுவும். இல்லாததைப் போய் எடுத்து வராது. அது ஆப்ட் (apt) என்ற பொதி மேலாளரின் வேலை. ‘ஆப்ட் இன்ஸ்டால்’ அடித்து, கோப்பின் பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் (./) சேர்த்தால், சார்புகளையும் இணையத்திலுள்ள மென்பொருள் களஞ்சியத்திலிருந்து அதுவே கொண்டுவரும்.

ஏற்கெனவே பாதியில் நிற்கிறதா? அதைச் சரிசெய்ய ஆப்ட்டில் ‘ஃபிக்ஸ் புரோக்கன்’ (apt --fix-broken install) இருக்கிறது. ஆனால் அது காட்டும் பட்டியலைப் படித்துவிட்டு என்டர் தட்டுங்கள். சார்பு கிடைக்காவிட்டால், நிறுவ வந்த பொதியையே நீக்கட்டுமா என்று கேட்கும். நான் படிக்காமல் சரி சொல்லிவிட்டேன். அப்புறம்தான், களஞ்சியத்தின் பொதிப் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘ஆப்ட் அப்டேட்’ செய்யவே மறந்தது ஞாபகம் வந்தது.