வார்டிலிருந்து வீடுகளுக்கு: என் முதல் மூன்று மாதங்கள்

தனியார் மருத்துவமனை ஒன்றின் ஆண்கள் வார்டில் நான்கு ஆண்டுகள் பணியாற்றிய பிறகு, 2022-இல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த் தணிப்புச் செவிலியராக, அதாவது தீவிர நோயுள்ளவர்களின் வலியையும் சிரமத்தையும் குறைக்கும் செவிலியராகச் சேர்ந்தேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை மகளிர் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களை இயன்முறை மருத்துவரும் எங்களைப் போன்ற செவிலியரும் சென்று பார்க்கிறோம். சான்றிதழ் சரிபார்ப்பு, பதிவு எண், ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டன. வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் மூன்று மாதம் பிடித்தது.

இரண்டாம் நாளே மாட்டிக்கொண்டேன். பக்கவாதத்தில் விழுந்த ஒரு தாத்தாவுக்குச் சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டியிருந்தது. பழைய குழாயை எடுத்து, 16-ஆம் எண் குழாயைச் செலுத்தி, சிறுநீர் வருவதையும் பார்த்துவிட்டேன். குழாய் நழுவாமல் உள்ளே நிற்பதற்கு அதன் பலூனில் 10 மில்லி டிஸ்டில்ட் வாட்டர் ஏற்ற வேண்டும். சிரிஞ்ச் இருந்தது, அந்தத் தண்ணீர் அடைத்த சிறு குப்பியான ஆம்ப்யூல் பையில் இல்லை. வார்டாக இருந்தால் ஒரு குரல் கொடுத்திருப்பேன். இங்கே ஒரு கை குழாயைப் பிடித்திருக்க, மற்றொரு கையில் கையுறை இருக்க, என் கைபேசியை எடுத்து ஓட்டுநரை அழைக்கும்படி தாத்தாவின் மருமகளிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது. தெருமுனையில் நின்ற வண்டியின் பெட்டியைத் துழாவி ஓட்டுநர் எடுத்து வரும்வரை அப்படியே குனிந்திருந்தேன். “கை வலிக்குதாம்மா?” என்று தாத்தா என்னைக் கேட்டார். இப்போதெல்லாம் வேண்டியவை அனைத்தையும் கண்ணெதிரே பரப்பி வைத்துவிட்டுத்தான் பழைய குழாயைத் தொடுகிறேன்.

மற்றொரு வீட்டில் ஓர் அம்மாவுக்கு இடுப்பின் கீழ் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண் இருந்தது. கேப்சூலைப் பிரித்து அந்தப் பொடியைப் புண்ணில் தூவியிருந்தார்கள். அதை நிறுத்தச் சொல்லி, ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய பிறகு புண்ணைக் கழுவும் முறையைக் காட்டினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்றும் பாடம் சொன்னேன். அடுத்த வாரம் போனபோது புண்ணின் ஓரம் இன்னும் சிவந்திருந்தது. மகள் அக்கறை இல்லாதவர் என்றே பதிவேட்டில் எழுதப் போனேன். அதற்குள் அவர், நூறு நாள் வேலைக்குக் காலையில் போனால் பிற்பகலில்தான் திரும்புவேன் என்றார். அத்தனை நேரமும் அந்த அம்மா மல்லாந்தே கிடந்திருக்கிறார். வேலைக்குப் புறப்படும்போது இடப்பக்கம் சாய்த்து முதுகுக்குத் தலையணை கொடுப்பது, இடையில் இரண்டு முறை எதிர்வீட்டுச் சித்தி வந்து புரட்டுவது, வந்ததும் மகள் பார்த்துக்கொள்வது என்று மூவருமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். இரண்டு மணி நேரக் கணக்கு அதில் சரியாக வராது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வீட்டில் நடக்கக்கூடிய ஏற்பாடு அதுதான்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு பிஸ்கட் டப்பா. எழுந்தாலே தலை சுற்றுகிறது என்ற ஒரு பாட்டிக்கு இரத்த அழுத்தம் பார்த்தேன், 100/60 என்று குறைவாக இருந்தது. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டதற்கு அந்த டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்தார். உள்ளூர் மருத்துவர் தந்த, இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் ஓர் அட்டை. சென்னையில் மகன் வீட்டில் இருந்தபோது வேறொரு மருத்துவர் எழுதிய, டெல்மிசார்ட்டன் என்ற இன்னோர் இரத்த அழுத்த மருந்துடன் அதே அம்லோடிபின் கலந்த மாத்திரை இன்னோர் அட்டை. நிறமும் பெயரும் வேறு என்பதால் இரண்டையும் தினமும் விழுங்கியிருக்கிறார். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை என்பதால், இரண்டு அட்டைகளையும் படம் எடுத்து வட்டார மருத்துவ அலுவலருக்கு அனுப்பிவிட்டுத் திண்ணையில் காத்திருந்தேன். அவர் அழைத்து, தனி அம்லோடிபினை நிறுத்தச் சொன்னார்.

பத்து நாள் கழித்துப் போனபோது அழுத்தம் 130/80 இருந்தது. நிறுத்திய அட்டை எங்கே என்று கேட்டேன். அரிசிப் பானைக்குள்ளிருந்து வந்தது. நான் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று பாட்டி வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.