அறுபது வயதில் சலமன்கா: வன்னியிலிருந்து ஸ்பானிய மொழி படிக்கப் போவோருக்கு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பென்சன் எடுத்த ஒருவர், பிள்ளைகளிடம் போகாமல் தனியாக ஸ்பெயினுக்குப் படிக்கப் போகிறேன் என்றால், அயலில் இரண்டு கேள்வி வரும். "உந்த வயதில உது என்னத்துக்கு?" "இங்கிலீசே வடிவா வராதே, பிறகென்ன ஸ்பானிஸ்?" முதலாவதற்கு அவரவர்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்குப் பதில் இருக்கிறது: ஆங்கிலம் வேண்டாம், தமிழே போதும். அதற்கு முன் கடதாசி வேலை.

முதல் பயணத்துக்கு 12 கிழமைப் பாடநெறியே புத்தி. 84 நாளில் முடிந்துவிடும். ஷெங்கன் (ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) குறுகிய கால விசா 180 நாளுக்குள் 90 நாள் தரும். இறங்கும் நாளும் புறப்படும் நாளும் அதற்குள் அடங்கும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். 90 நாளைத் தாண்டினால் மாணவர் விசா, அதற்கு 2025 கணக்கில் மாதம் 600 யூரோ செலவுப் பணம் காட்ட வேண்டும். 180 நாளையும் தாண்டினால் பொலிஸ் அறிக்கை, மருத்துவச் சான்றிதழ், போய் ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பம் என்று வால் நீளும். மாணவர் விசாவுக்கான காப்புறுதியில் நோயாளி கட்டும் பங்கு இருக்கக்கூடாது. வயது கூடக் கட்டணமும் கூடும். ஏற்கனவே உள்ள சர்க்கரை, பிரசர் அதற்குள் வருமா என்பதைக் காசு கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பாஸ்போட்டுக்குக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. சிக்கல் பெயரில்தான். இடப்பெயர்வில் தொலைந்து திரும்ப எடுத்த பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டு, அடையாள அட்டையில் இன்னொன்று என்பது எங்கள் பக்கம் சாதாரணம். விமான ரிக்கற், பள்ளி அனுமதிக் கடிதம், காப்புறுதி எல்லாம் பாஸ்போட்டில் உள்ள எழுத்துக்கே பொருந்த வேண்டும். ஸ்பெயின் படிவங்களில் குடும்பப் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும், தகப்பன் வழி ஒன்று, தாய் வழி ஒன்று. இரண்டாவதை வெறுமையாக விடுங்கள். இடத்தை நிரப்பப் பாட்டனார் பெயரை எழுதினால் அடுத்த அலுவலகத்தில் நீங்கள் வேறு ஆள். அங்கே கூப்பிடுவதும் தகப்பன் பெயரில்தான். "சென்யோரா கந்தசாமி" என்று ஆஸ்பத்திரியில் சத்தம் கேட்டால் எழும்பிப் போக வேண்டியது கந்தசாமியின் மகள்.

விசாவுக்குப் பத்து விரல் ரேகையும் எடுப்பார்கள். மண்வெட்டி பிடித்த கையில் ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரம் பிடிக்காது. ஒரு கிழமை முன்பிருந்தே வயல், சீமெந்து வேலையை விட்டு, இரவில் தேங்காய் எண்ணெய் பூசி, அன்று காலை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் போனால் பெரும்பாலும் சரிவரும். ஊரில் சொத்து இருப்பதைக் காட்டப் பெர்மிற் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணி) என்றால், அது என்ன உரிமை என்று பிரதேச செயலகத்தில் ஒரு கடிதம் எடுத்து மொழிபெயர்த்து வையுங்கள். உறுதிக் காணி மட்டும் தெரிந்த விசா அதிகாரிக்குப் பெர்மிற் வெறும் துண்டு.

ஸ்பெயினின் சலமன்கா நகரில் பல்கலைக்கழகம் 1218இல் தொடங்கியது. ஸ்பானிய மொழியின் முதல் இலக்கண நூல் 1492இல் அச்சானதும் அந்த ஊரில்தான். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீற்றர் உயரம். மாரியில் இரவு சுழியத்துக்குக் கீழே போகும், ஆகவே வன்னி வெயிலில் ஊறிய உடம்புக்குச் சித்திரையில் தொடங்கும் வகுப்பு நல்லது. மத்தியானச் சாப்பாடு இரண்டு, மூன்று மணிக்கு. இரவு ஒன்பதுக்குப் பிறகு. சாப்பாட்டோடு சர்க்கரைக் குளிசை போடுபவர்கள் இந்த இடைவெளியை ஊரிலேயே டொக்டரிடம் சொல்லி நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நேர வித்தியாசம் கோடையில் மூன்றரை மணி, மாரியில் நாலரை. வெள்ளிக்கிழமை சைவம் என்றால் "ஸின் கார்னே", இறைச்சி இல்லாமல், என்று மட்டும் சொன்னால் காணாது. பன்றித் துண்டும் ரூனா மீனும் வந்து சேரும். "ஸின் ஹமோன், ஸின் பெஸ்காதோ" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி மொழி. வகுப்பில் ஆங்கிலம் தெரிந்தவர் "தொமாத்தே" என்பதை "டொமாட்டே" என்பார். உங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை: ஸ்பானிய த, ப, க மூச்சுத் தள்ளாத எங்கள் எழுத்துகள். இடையின ரகரமும் வல்லின றகரமும் அப்படியே உண்டு: "பெரோ" என்றால் ஆனால், "பெறோ" என்றால் நாய். பேசுபவர் யார் என்பதை வினை முடிவே சொல்வதால் "நான்", "நீ" தேவையில்லை. "மே குஸ்தா எல் கஃபே" என்பது "எனக்குக் கோப்பி பிடிக்கும்" என்ற அதே அமைப்பு. ஆங்கிலேயர் இதிலே கிழமைக்கணக்கில் தடுமாறுவார்கள். "புஸ்கோ உனா காஸா", வீடு தேடுகிறேன்; ஆளைத் தேடினால் "புஸ்கோ ஆ மரியா", மரியாவைத் தேடுகிறேன். எங்கள் இரண்டாம் வேற்றுமை உருபு விழுகிற இடத்தில் அந்த "ஆ" விழுகிறது.

"இரு" என்ற பொருளில் வரும் "ஸேர்", "எஸ்தார்" என்ற இரண்டு வினைகளும் பலரை அழவைக்கும். "நான் வாத்தியார்" என்பதில் தமிழுக்கு வினையே இல்லை, அங்கே ஸேர். "களைப்பாய் இருக்கிறேன்", "வீட்டில் இருக்கிறேன்" என்பவற்றில் "இரு" வருகிறது, அங்கே எஸ்தார். எல்லா இடத்திலும் பொருந்தாது, உயரமாய் இருப்பவருக்கு ஸேர்தான். ஆனாலும் தொடக்கத்துக்கு இந்தக் கணக்கு நன்றாக உதவும்.

போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்களும் கைகொடுக்கும். பாண் அங்கே "பான்", மேசை "மேஸா", அலுமாரி "அர்மாரியோ". கதிரையை மட்டும் நம்பாதீர்கள். அங்கே அது "ஸியா". "கதேரா" என்றால் இடுப்பு. மேசை ஏன் பெண்பால் என்று அஃறிணையில் வளர்ந்தவர் கேட்கத்தான் செய்வார். விடை கிடையாது, சொல்லோடு பெண்பாலுக்கு "லா", ஆண்பாலுக்கு "எல்" சேர்த்தே பாடமாக்குங்கள்.

இருபத்தைந்து வயது ஆசிரியை உங்களை "நீ" என்பார். ஸ்பெயினில் அது மரியாதைக்குறைவு அல்ல. வங்கியிலும் டொக்டரிடமும் நீங்கள் "உஸ்தெத்" (மரியாதையான "நீங்கள்") என்று பேசலாம், வினையை மட்டும் படர்க்கையில் முடிக்க வேண்டும்.

தெலே (DELE) என்ற ஸ்பானிய மொழித் தகுதிப் பரீட்சை எழுத நினைத்தால், முதற்படியில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 50 புள்ளி, கேட்டலும் பேச்சும் சேர்ந்து 50. ஒவ்வொன்றிலும் 30 வேண்டும். ஒன்றில் கூடினது மற்றதை மீட்காது. வயதானவர்களை விழுத்துவது கேட்டல்தான். வகுப்பில் முன்வரிசையில் இருங்கள், காது மங்கல் என்றால் புறப்படுமுன் பரிசோதியுங்கள், ஒலிப்பதிவைத் தினம் இருபது நிமிடம் ஒரே பகுதியாகத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். எழுத்தைப் பார்ப்பது மூன்றாம் முறைக்குப் பிறகு.