கேஸ் மட்டும் போட்டுட்டுப் போங்க

ஏசி சர்வீஸ் வேலையில் அதிகம் காதில் விழுவது, "தம்பி, கேஸ் மட்டும் போட்டுட்டுப் போங்க" என்பதுதான். கோடை வெயிலில் வீட்டுக்காரர்களின் அவசரம் புரிகிறது. ஆனால் ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீராது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அதை அடைக்காமல் நிரப்பினால் புதிதாகப் போட்டதும் காற்றோடு போகும்.

பழைய ஏசிகளில் இருப்பது ஆர்-22 என்ற கேஸ். அதில் குளோரின் உண்டு. வெளியேறும் கேஸில் ஒரு பகுதி ஓசோன் படலம் இருக்கும் ஸ்ட்ராடோஸ்பியர் என்ற வளிமண்டல அடுக்கு வரை போய், புற ஊதாக் கதிர் பட்டு உடையும். விடுபட்ட குளோரின் அணு ஓசோனைச் சிதைத்துவிட்டு, தான் அழியாமல் அடுத்த மூலக்கூறைப் பிடிக்கும். குளோரின் கொண்ட சி.எஃப்.சி வாயுக்களைப் பற்றி வேதியியல் விஞ்ஞானிகள் மொலினாவும் ரோலண்டும் 1974-இல் எச்சரித்தது இதைத்தான். 1985-இல் அண்டார்டிகாவின் ஓசோன் ஓட்டை உலகுக்குத் தெரிந்தது, 1987-இல் இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஒப்பந்தம் போட்டதும் வேலை எங்கள் துறைக்கு வந்தது. பிரிட்ஜில் சி.எஃப்.சி வகையான ஆர்-12 போய் ஆர்-134ஏ வந்தபோது கம்ப்ரஸர் ஆயிலையே மாற்ற வேண்டியிருந்தது. புது ஆயில் ஈரத்தை இழுக்கும் என்பதால் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் போடுவதில் சோம்பல் கூடாது. இப்போது பல பிரிட்ஜ்களில் இருக்கும் ஆர்-600ஏ தீப்பிடிக்கக்கூடியது. அதனால் சில பத்து கிராம்தான் நிரப்புகிறார்கள், பொறி பறக்காத ரிலே வைக்கிறார்கள். புது ஏசிகளில் வரும் ஆர்-32 ஓசோனைத் தொடாது, ஆனால் கரியமில வாயுவைவிட 675 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதனால் அதையும் கசிய விடக்கூடாது.

கசிவு பெரும்பாலும் குழாயை யூனிட்டோடு இணைக்கும் ஃபிளேர் நட்டில் இருக்கும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவினால் சின்னக் கொப்புளம் மெல்ல ஊதும்.

எனக்குக் கோபம் வருவது வீடு மாறும்போது. ஏசியைக் கழற்ற வருபவர் நட்டைத் திறந்து மொத்தக் கேஸையும் சீற விடுகிறார். பம்ப் டவுன், அதாவது கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து அடைப்பது, செய்யச் சில நிமிடம் போதும். கூலிங்கில் ஓடவிட்டு, மெல்லிய குழாய் வால்வை மூட வேண்டும். அழுத்தம் காட்டும் கேஜ் முள் இறங்கியதும் தடித்த குழாய் வால்வையும் மூடி, உடனே ஆஃப் செய்தால் கேஸ் அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே நிற்கும். கழற்ற ஆள் வந்தால் முதலில் இதைக் கேளுங்கள்.

காயலான் கடையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே காப்பருக்கு விலை உண்டு என்பதால் குழாயை அப்படியே வெட்டுகிறார்கள். இந்தியா ஆர்-22-ஐ 2030-இல் ஏறக்குறைய முழுதாகக் கைவிடப்போகிறது. அதுவரை ஓடும் மெஷின்களில் உள்ள கேஸை மீட்டுக் கொண்டுவந்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க ஊருக்கு ஒரு இடம் வேண்டும்.