ஜூன் 2019, திருவனந்தபுரம்

ஜூன் 20, வியாழன்

பரிசோதனைக்காக அம்மாவுக்கு ஊசி குத்தி எடுத்துவிட்டார்கள். சத்தமே போடவில்லை. செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் தருவார்களாம்.

ஜூன் 21, வெள்ளி

அம்மாதான் போகச் சொன்னாள். "இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாத்து என்ன செய்யப்போற மக்களே, போயிட்டு வா."

தம்பானூரில் இறங்கிக் கைரளி தியேட்டர் வரை நடந்தேன். படவிழாவுக்கு இரண்டு பாஸ் வாங்கினேன், ஒன்று அம்மா பெயரில். எதற்கு அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. வருவாள் என்று தோன்றியது.

ஒரே வளாகத்தில் கைரளி, ஸ்ரீ, நிலா என்று மூன்று தியேட்டர். பாரதப்புழைக்கு நிலா என்று ஒரு பெயர் உண்டு, அந்த ஆற்றின் பெயர்தான் இது. ஆனாலும் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வானத்து நிலாதான் நினைவு வருகிறது. ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் என்றே கேரளம் 2008இலிருந்து தனியாக ஒரு விழா நடத்துகிறது. நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரத் தூரம். இத்தனை வருடம் வராமல் இருந்துவிட்டேன். இப்போது வந்த காரணத்தை எழுதக் கை வரவில்லை.

ஜூன் 22, சனி

காலையிலிருந்து மூன்று ஆவணப்படம், நாலைந்து குறும்படம். ஒன்றில் ஒரு வயதான மீனவர் வலையைப் பிரித்துக்கொண்டே இருக்கிறார். பத்து நிமிடமாவது இருக்கும், ஒரு பேச்சும் இல்லை. முடிச்சு அவிழ மறுக்கிறது. பல்லால் கடிக்கிறார், விரலை எச்சில் தொட்டு மறுபடி முயல்கிறார். பின்னால் யாரோ எழுந்து போனார்கள். எனக்கு அந்த முடிச்சு அவிழ்ந்தால் போதும் என்று இருந்தது. அவிழவில்லை. கத்தியை எடுத்து அறுத்துவிட்டார். படம் எடுத்தவருக்கும் அது முன்பே தெரிந்திருக்காது. கேமரா கொஞ்சம் பதறியது.

கல்லூரிக் காலத்தில் மதுரையில் அமுதனின் 'பீ' ஆவணப்படம் பார்த்தபோதும் இப்படித்தான் இருந்தது. தெருவில் மலம் அள்ளும் பெண்ணோடு கேமரா கூடவே போகும். கண்ணைத் திருப்பிக்கொள்ள நமக்கு இடம் கொடுக்காது. 2003இல் எடுத்த படம். இன்னும் மனசில் நாறுகிறது.

மதியம் வராந்தாவில் எல்லாரும் ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தியில் 'விவேக்', ஆங்கிலத்தில் 'ரீசன்'. ஏறக்குறைய நாலு மணி நேரம். போன வருடம் ஆம்ஸ்டர்டாம் விழாவில் முழுநீள ஆவணப்படத்துக்கான முதல் பரிசு வாங்கியது. அதற்கு இங்கே அனுமதி வரவில்லை. சென்சார் சான்றிதழ் இல்லாத படத்தை விழாவில் காட்ட டெல்லியில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்குத் தர வேண்டும். 2017இல் இதே விழாவில் மூன்று படங்களுக்கு மறுத்துவிட்டார்கள். ஒன்று ஹைதராபாத்தில் தற்கொலை செய்துகொண்ட மாணவர் ரோஹித் வெமுலா பற்றியது, ஒன்று காஷ்மீர், ஒன்று டெல்லி ஜேஎன்யு பல்கலைக்கழக மாணவர்கள். இந்த முறை உயர் நீதிமன்றம் வரை போகிறார்களாம்.

மூடநம்பிக்கையை எதிர்த்த தபோல்கரை 2013இல் புணேயில் காலை நடைக்குப் போன இடத்தில் சுட்டார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் பன்சாரேயையும் 2015இல் கோலாப்பூரில் அதேபோலக் காலை நடையில். கன்னட அறிஞர் கல்புர்கியைத் தார்வாடில் அவர் வீட்டு வாசலிலேயே. பத்திரிகையாளர் கௌரி லங்கேஷையும் வீட்டு வாசலில்தான். இதைப் பற்றிய படத்தை ஒரு அரங்கத்தில் சில நூறு பேர் பார்ப்பதில் யாருக்கு என்ன ஆகிவிடும்? கோபமாக வருகிறது.

இரவு அண்ணன் சென்னையிலிருந்து பேசினான். தண்ணீர் லாரிக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்கிறார்களாம். செம்பரம்பாக்கம் ஏரி வெடித்துக் கிடக்கிறது என்றான். இங்கேயும் மழை சரியாகப் பிடிக்கவில்லை. அம்மாவைப் பற்றி அவன் கேட்டான், நான் மழையைப் பற்றிச் சொன்னேன்.

ஜூன் 23, ஞாயிறு

அம்மா வந்தாள்! பாஸைத் தாலிச் சங்கிலிக்கு மேலே தொங்கவிட்டுக்கொண்டாள். படியேறும்போது கம்பியைப் பிடித்து இரண்டு முறை நின்றாள்.

முதலில் ஒரு குறும்படம், கதைப்படம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு தாய், பக்கத்தில் மகன், பின்னால் வயலின். பாதியிலேயே அம்மா என் காதில் சொன்னாள்: "ட்ரிப்பு ஏறுற கைய இப்படி ஆட்டுனா ரத்தம் திரும்பிரும்." அதற்குமேல் அவளால் அந்தப் படத்தை நம்ப முடியவில்லை. எனக்கும்தான். கதைப்படங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அழ வேண்டிய இடத்தை அவர்களே முடிவு செய்துவிடுவதுதான் பிடிக்கவில்லை.

அடுத்தது ஆவணப்படம். வடகிழக்கில் எங்கோ ஒரு மலைக் கிராமம், ஒரு பாட்டி மூங்கில் கூடை பின்னுகிறாள். மொழி புரியவில்லை, சப்டைட்டில் வாசிக்க அம்மாவுக்குத் தெரியாது. நான் மொழிபெயர்த்துச் சொல்லலாம் என்று குனிந்தேன். அம்மாவின் மடியில் அவள் கைகள் அசைந்துகொண்டிருந்தன. வலது கட்டைவிரலால் ஒரு இழையை அழுத்திப் பிடித்து, நடுவிரலால் அடுத்ததை அடியில் நுழைத்து, இழுத்து, மறுபடி அழுத்தி. சின்ன வயதில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பனையோலைப் பெட்டி முடைவாளே, அதே கணக்கு. கடைசியாக முடைந்து இருபது வருடமாவது இருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும், "அவ மூலைய மடக்குறது சரியில்ல. ரெண்டு நாளுல பிரிஞ்சிரும்," என்றாள். வெகுநாளைக்கு அப்புறம் ஒரு விஷயத்தில் உறுதியாகப் பேசினாள். ஹோட்டலில் கஞ்சியும் பயறும் முழுசாகச் சாப்பிட்டாள். பதிமுகம் மரச்சீவல் போட்ட வெந்நீர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து நல்ல நிறம் என்றாள்.

விவேக்குக்கு இன்னும் அனுமதி இல்லை.

ஜூன் 24, திங்கள்

தூங்கவில்லை. அம்மாவும் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது.

பட்வர்தனுக்கு இது புதிதில்லை. அயோத்திப் பிரச்சினை பற்றிய 'ராம் கே நாம்' 1992இல் வந்தது, அதைத் தூர்தர்ஷனில் காட்ட வைக்க நீதிமன்றத்துக்குத்தான் போனார். அணுகுண்டு பற்றிய படத்தில் வெட்டச் சொன்னபோதும் பம்பாய் உயர் நீதிமன்றம் போய் ஒரு வெட்டும் இல்லாமல் மீட்டார். ஒரு மனிதர் படம் எடுத்த நாட்களோடு கோர்ட்டில் காத்திருந்த நாட்களையும் சேர்த்தால் எவ்வளவு வரும்? எப்படித் தாங்கினார் என்று கேட்க வேண்டும்போல் இருக்கிறது. எனக்கு நாலு நாளே முடியவில்லை.

இன்று படம் பார்க்கப் போகவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

ரிப்போர்ட் தயாராகவில்லை. இன்னொரு டாக்டரும் ஸ்லைடைப் பார்க்க வேண்டுமாம். ஏன் இன்னொருவர்? கவுண்டரில் இருந்த பெண் "நாளே, நாளே" என்றார். மலையாளத்தில் நாளே என்றால் நாளைக்கு. அம்மா அதையே வழியெல்லாம் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு அவள் வாயைப் பொத்தலாம்போல் இருந்தது. அப்புறம் அதற்காக அழுதேன், குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு.

சாயங்காலம் ஒரு படத்துக்கு மட்டும் போனேன். என்ன படம் என்றே மனசில் நிற்கவில்லை. முடிந்ததும் இயக்குநர் முன்னால் வந்து நின்றார். மிகச் சின்னப் பெண். படத்தில் வந்த குடும்பம் இப்போது எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். அவள் பதில் சொல்லாமல் மைக்கைப் பார்த்துக்கொண்டே நின்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்த அரங்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

ஜூன் 26, புதன்

கவர் கைக்கு வந்துவிட்டது. ஒட்டியிருக்கிறது. டாக்டர் நாளை காலைதான் பார்ப்பாராம்.

நான் பிரிக்கப் போனேன். அம்மா வாங்கித் துணிப்பையில் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "நீ வாசிச்சு உனக்கு என்ன வெளங்கும்? அவரு பாத்துச் சொல்லட்டும்." அப்புறம், "அந்தப் படத்துக்கு என்னாச்சு? சுட்டுக் கொன்னாங்கன்னியே, அது," என்று கேட்டாள்.

அனுமதி கிடைத்துவிட்டது. நீதிமன்றம் திரையிடலாம் என்று சொல்லிவிட்டது. விழாவுக்கு இன்று கடைசி நாள்.

நாலு மணி நேரம் உட்கார முடியுமா என்று கேட்டேன். "லாட்ஜுலயும் உக்காந்துதான இருக்கணும்?"

இதை வரிசையில் நின்று எழுதுகிறேன். வரிசை படிக்கட்டைத் தாண்டிவிட்டது. முன்னால் நிற்கும் பையன்களுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஒருவன் பையிலிருந்து பிஸ்கட் எடுத்து அம்மாவுக்குக் கொடுத்தான். அம்மா சுவரோரம் திண்டில் உட்கார்ந்திருக்கிறாள், பை மடியில். கண்ணை மூடியிருக்கிறாள், ஆனால் கட்டைவிரல் அசைகிறது. கதவைத் திறந்துவிட்டார்கள், அவளை எழுப்ப வேண்டும்.