தொலைந்த லேப்டாப்பும் ஒரு வரி விபிஎன்னும்

போன ஐப்பசி மழையில் எங்கள் தேயிலை பேக்டரி லேப்டாப் ஒன்று மேட்டுப்பாளையம் பஸ்ஸில் தொலைந்தது. அதில் ஓப்பன்விபிஎன் சான்றிதழ் இருந்தது; எங்கள் கம்ப்யூட்டர்களை இன்டர்நெட் வழியே ரகசியமாக இணைக்கும் விபிஎன்னுக்குள் நுழைய அதுதான் அடையாள அட்டை. கோத்தகிரியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் நான்தான். சான்றிதழ் தயாரிக்கும் ஈசி-ஆர்எஸ்ஏவில் ரிவோக் அடித்து, அதாவது செல்லாததாக்கி, செல்லாதவற்றின் பட்டியலான சிஆர்எல் ஃபைலை விபிஎன் சர்வரில் போட்டேன். முதலாளியிடம் "முடிஞ்சுதுங்க" என்றும் சொல்லியாயிற்று.

சொன்ன பிறகுதான் குன்னூர் ஆபீஸ் கம்ப்யூட்டரின் லாகைத் திறந்தேன். சர்வரின் சான்றிதழைச் சோதிக்க எந்த ஏற்பாடும் இல்லை என்று ஒரு எச்சரிக்கை, கனெக்ட் ஆகும்போதெல்லாம் வந்திருக்கிறது. கனெக்ட் ஆகிறதே, போதும் என்று நானும் விட்டிருக்கிறேன்.

இலை கொண்டுவருகிறவர் அட்டையிலும் மேனேஜர் அட்டையிலும் ஒரே முத்திரை. முத்திரையை மட்டும் பார்த்து கேட்டைத் திறக்கும் வாட்ச்மேன் மாதிரி இருந்தது எங்கள் விபிஎன். எங்கள் சிஏ (சான்றிதழ்களுக்கெல்லாம் கையெழுத்துப் போடும் தலைமை) கையெழுத்துப் போட்ட எந்தச் சான்றிதழ் வந்தாலும், கிளையண்ட், அதாவது சர்வரோடு இணையும் கம்ப்யூட்டர், அதை சர்வர் என்று நம்பிவிடும். தொலைந்த லேப்டாப்பில் இருப்பதும் அப்படி ஒன்றுதான். ரிவோக் ஆன விஷயம் சர்வருக்குத் தெரியும்; கிளையண்டுகளுக்கு யார் சொன்னது?

மருந்து ஒரே வரி. 'ரிமோட்-செர்ட்-டிஎல்எஸ் சர்வர்' என்று கிளையண்டின் கான்பிக் ஃபைலில் சேர்க்க வேண்டும்; வந்திருப்பது சர்வர் வகைச் சான்றிதழ்தானா என்று அது பார்க்கும். சேர்த்தேன், கனெக்ஷனே போய்விட்டது: 'விரிஃபை இகேயு எரர்', அதாவது சான்றிதழின் வகை சரியில்லை. நாலு வருஷத்துக்கு முன் அவசரத்தில் சர்வருக்கும் கிளையண்ட் வகைச் சான்றிதழையே போட்ட புண்ணியவான் வேறு யாருமில்லை, நான்தான்.

வியாழனும் வெள்ளியும் குன்னூரில் ஏலம், அன்று எதையும் தொடக்கூடாது. சனி சாயங்காலம் சர்வருக்குப் புதுச் சான்றிதழ். சிஏ அதேதான் என்பதால் பழைய கிளையண்டுகள் முனகாமல் ஏற்றுக்கொண்டன. அதன் பிறகே ஒவ்வொன்றிலும் அந்த வரி. வரிசையை மாற்றிச் செய்திருந்தால் ஆறு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் படுத்திருக்கும். கீழ்க்கோத்தகிரி கொள்முதல் நிலையத்துக்கு மூடுபனியில் பைக்கில் போனேன். "எடை போடுற நேரத்துலதான் வருவீங்களாண்ணா?" என்றான் தராசுப் பையன்.

சித்திரையில், இலை குவிகிற ஒரு காலையில், எல்லா இடத்திலும் விபிஎன் அறுந்தது. ஈசி-ஆர்எஸ்ஏ தரும் சிஆர்எல்லுக்கு ஆயுள் 180 நாள். அது காலாவதியானால் ஓப்பன்விபிஎன் 2.4 முதல் நல்ல சான்றிதழையும் உள்ளே விடாது. புதிது எடுக்க சிஏ கீ, அதாவது சிஏ கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி, வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று அது இருக்கும் பென் டிரைவை முதலாளி வீட்டு பீரோவில் வைத்திருந்தோம். அவர் கோயம்புத்தூரில் கல்யாணத்தில், பீரோ சாவியும் அவரோடு.